பூட்டிக் கிடக்கும் தஸ்தாவேஜுகள்

செஞ்சிக்கும் சேத்துப்பட்டுக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவே அமைந்தது அவலூர்பேட்டை. வாரச் சந்தையன்று சுற்று வட்டாரத்து ஜனங்கள் ஆடுமாடுகளை ஓட்டிக்கொண்டு அங்கே வந்து கூடுவர். அண்மையில் அவ்வழியே செல்ல நேர்ந்தபோது, சந்தை கலையும் வேளையில், ஒரு தேநீர்க் கடைத் திண்ணையில் சிறிது தங்கினோம். நாம் பத்திரிகைக்காரர் என்பதையும் வக்கீல் என்பதையும் யாரோ சொல்லிவிட்டார்கள் போலும். வயது முதிர்ந்த விவசாயி ஒருவர் மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு அருகில் வந்தமர்ந்தார்.

"ஏங்க ஐயா, கள்ளக்குறிச்சியில சாராயம் குடிச்சு அத்தனை சனம் செத்துதே, அதை விசாரிக்க ஒரு ஜட்ஜைப் போட்டாங்களே, அவரு எழுதுற புஸ்தகத்தை எங்களை மாதிரி ஆளுங்க போய்க் கேட்டா, கொடுப்பாங்களா?" என்று அவர் கேட்டார்.

கேள்வி சிறிது, விடை சிறிதன்று. "கொடுப்பார்கள்" என்று சொல்லச் சட்டம் இடங்கொடுக்கிறது. "கொடுக்கமாட்டார்கள்" என்று சொல்ல அநுபவம் இடங்கொடுக்கிறது. இரண்டுக்கும் நடுவே நின்று அப்பெரியவருக்கு நாம் சொன்ன பதில் எமக்கே திருப்தியளிக்கவில்லை. அன்று முழுமையாகச் சொல்லாமற் போனதை இன்று எழுதுகிறோம்.

போதைப் பொருள் வியாபாரம் லஞ்சமின்றி ஒரு நாளும் நடவாது. கஞ்சா மூட்டை சோதனைச் சாவடியைத் தாண்டவேண்டும்; சாராய ஊறல் உள்ளூர் அதிகாரியின் கண்ணில் படாதிருக்கவேண்டும்; தடை செய்த புகையிலைப் பொட்டலம் பகிரங்கமாகக் கடையில் தொங்கவேண்டும். இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு. அவ்விலையை வாங்கியவர் யார், கொடுத்தவர் யார் என்ற விவரம் பெரும்பாலும் சர்க்காருடைய தஸ்தாவேஜுகளிலேயே எங்கேனும் எழுதப்பட்டிருக்கிறது. அவற்றை ஜனங்கள் பார்க்க முடிகிறதா என்பதே நாம் இன்று ஆராய எடுத்துக்கொண்ட விஷயம்.

அந்நியர் அச்சிட்ட ஏடுகள்

முதலில் அந்நியர் ஆட்சிக் காலத்தைச் சிறிது நோக்குவோம். அக்காலத்தில் போதைப் பொருளின் தலைமை வியாபாரி சர்க்காரே. பாட்னாவிலும் காஜிப்பூரிலும் அபினித் தொழிற்சாலைகளை நடத்தி, கல்கத்தாவில் ஏலமிட்டுச் சீனத்துக்கு அனுப்பி, நிலவரிக்கு அடுத்தபடியான வருமானத்தை 19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அதிலிருந்தே இந்திய சர்க்கார் அடைந்து வந்தது. இப்பாவத் தொழிலைத் தாதாபாய் நௌரோஜி முதலிய நம் தலைவர்களும், இங்கிலாந்திலேயே மனச்சாட்சியுள்ள பலரும் கண்டித்தனர். கிளர்ச்சி முற்றியதன் பேரில் 1893-ல் ராயல் அபினிக் கமிஷன் நியமிக்கப்பட்டது. அதன் அறிக்கை 1895-ல் வெளிவந்தது. அதே சமயத்தில் கஞ்சாவைப்பற்றி ஆராய்ந்த மற்றொரு கமிஷன் 1,193 சாட்சிகளின் வாக்குமூலங்களைத் திரட்டியது.

அபினிக் கமிஷனின் முடிவு சர்க்காருக்கே சாதகமாக இருந்தது. அம்முடிவை நாம் போற்றவில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். சாட்சிகள் சொன்னவை அச்சிடப்பட்டன. ஹென்றி வில்ஸன் என்ற அங்கத்தினர் தனித்து நின்று எழுதிய மாறுபட்ட அபிப்பிராயமும் அச்சிடப்பட்டது. கமிஷனின் தீர்மானம் தவறு என்று நாம் இன்று வாதிப்பதற்கு வேண்டிய ஆதாரம் அக்கமிஷன் வெளியிட்ட தொகுதிகளிலேயே இருக்கிறது! கஞ்சாக் கமிஷனின் தொகுதிகளை ஸ்காட்லாந்து தேசிய நூலகம் படமெடுத்து, உலகத்தில் எவரும் காசு கொடாமல் வாசிக்கும்படி வைத்திருக்கிறது.

அதற்கும் முன்னர், 1855-ல், சென்னை ராஜதானியில் நிலவரி வசூலிப்பதற்காகக் குடிகளைச் சித்திரவதை செய்ததைப்பற்றி விசாரித்த கமிஷனின் அறிக்கையும் அவ்வாறே அச்சாயிற்று. கீழ்த்தர உத்தியோகஸ்தர்கள் குடியானவனை வெயிலில் நிறுத்தியதும், கை விரல்களை நசுக்கியதும், லஞ்சம் பறித்ததும் அதில் உள்ளன. அவ்வறிக்கை வெளிவந்ததனாலேயே போலீஸையும் வரி வசூலையும் பிரித்து, 1859-ல் சென்னைப் போலீஸ் சட்டம் இயற்றவேண்டிய நிர்ப்பந்தம் நேர்ந்தது.

அந்நியர் இவற்றை நம்மீது கொண்ட அன்பினால் வெளியிட்டார்கள் என்று எவரும் எண்ணவேண்டாம். பார்லிமெண்டில் கேள்வி எழுந்தது, பதில் சொல்லவேண்டியிருந்தது. நமக்குப் பதில் சொல்லக் கடமைப்படாத சர்க்காரே இவ்வளவு செய்யவேண்டியிருந்ததென்றால், நம்முடைய வோட்டினால் அமைந்த சர்க்கார் எவ்வளவு செய்யவேண்டும்!

ஒரு சிறு அறிக்கையின் கதை

சுதந்தர இந்தியாவில் நடந்ததைப் பார்ப்போம். 1993 மார்ச்சு மாதத்தில் பம்பாயில் குண்டுகள் வெடித்துப் பல நூறு பேர் மாண்டனர். அதன் பின்னர், அதே ஆண்டு ஜூலையில், உள்துறைக் காரியதரிசி என். என். வோரா தலைமையில் மத்திய சர்க்கார் ஒரு கமிட்டியை அமைத்தது. கள்ளக்கடத்தற்காரர், போதை மருந்து வியாபாரிகள், அரசியல்வாதிகள், அதிகாரிகள் ஆகியோர்க்குள் இருக்கும் தொடர்பை ஆராய்வது அதன் வேலை. அக்டோபரில் அறிக்கை தயாராயிற்று. குற்றக் கூட்டத்தார் சட்டபூர்வமான சர்க்காருக்குப் பக்கத்திலேயே மற்றொரு சர்க்காரை நடத்துமளவுக்கு வளர்ந்துவிட்டனர் என்பது அதன் சாரம்.

அறிக்கை கிட்டத்தட்ட இரண்டு வருஷம் அலமாரியில் உறங்கியது. 1995 ஜூலையில் டில்லியில் ஓர் அரசியல் பிரமுகரின் மனைவி கொலையுண்டு, பார்லிமெண்டில் பெருங் கூச்சல் கிளம்பிய பிறகே, ஆகஸ்டு 1-ந் தேதி அது சபையின் மேஜைமீது வைக்கப்பட்டது. வைக்கப்பட்டது ஒரு சிறு பிரசுரம்; பத்துப் பன்னிரண்டு பக்கத்துக்கு மேற்படாது. அதற்கு ஆதாரமான உளவு ஸ்தாபனங்களின் குறிப்புகள் வெளிவரவில்லை. அவற்றையும் வெளியிடவேண்டுமென்று பார்லிமெண்டு அங்கத்தினர் தினேஷ் திரிவேதி சுப்ரீம் கோர்ட்டை நாடினார். 1997-ல் தீர்ப்பு வந்தது. சர்க்காரின் காரியங்களை அறியும் உரிமை பிரஜைகளுக்கு உண்டென்று கோர்ட்டு ஒப்புக்கொண்டது. ஆனால் ருசுப்படாத குறிப்புகளை வெளியிட்டால் நிரபராதிகளுக்குத் தீங்கு நேரும், தகவல் கொடுத்தோருக்கும் ஆபத்து நேரும் என்று கூறி, அவற்றை வெளியிட உத்தரவிட மறுத்தது. அதற்குப் பதிலாக, விசாரணைகளை மேற்பார்க்க உயர்தரக் கமிட்டி ஒன்றை நியமிக்கும்படி சிபார்சு செய்தது.

வக்கீல் தொழிலில் ஈடுபட்ட நாம் அத்தீர்ப்பின் நியாயத்தை முற்றும் மறுக்கமாட்டோம். விசாரணையே நடவாத ஒருவனைப் பத்திரிகையில் குற்றவாளியாக்குவது தர்மமாகாது. ஆயினும், ருசுப்படாத குறிப்பு ருசுப்படுவதற்கு வழியென்ன? விசாரித்தால் ருசுப்படும், அல்லது பொய்யென்று தள்ளப்படும். விசாரியாமலும் வெளியிடாமலும் வைத்திருந்தால், அது சர்க்கார் கையில் இருக்கும் கயிறு. யாரை எப்பொழுது இழுக்க வேண்டுமோ அப்பொழுது இழுக்கலாம். நிரபராதியையும் அது காப்பாற்றுவதில்லை.

காணாமற்போன கடிதம்

இனி நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். குட்கா என்னும் புகையிலைக் கலவையை 2013-ல் மாநில சர்க்கார் தடை செய்தது. 2016 ஜூலையில், சென்னையில் ஒரு குட்கா உற்பத்தியாளரின் இடங்களை வருமான வரி இலாகாவினர் சோதனை போட்டனர். அப்பொழுது அகப்பட்ட கணக்கில், மந்திரி முதல் போலீஸ் உயரதிகாரிகள் வரையில் பணம் கொடுத்ததாகப் பதிவுகள் இருந்தன என்று அவ்விலாகா கூறியது. அவ்விவரங்களைக் குறித்து ஆகஸ்டு மாதத்தில் மாநிலத்தின் தலைமை அதிகாரிகளுக்குக் கடிதமும் எழுதியது.

விஷயம் ஹைகோர்ட்டுக்கு வந்தபோது, அப்படியொரு கடிதம் தங்கள் வசம் இல்லை என்று சர்க்கார் தரப்பில் சொல்லப்பட்டது. பின்னர், 2017 நவம்பரில், காலஞ்சென்ற முதல் மந்திரி வசித்த போயஸ் தோட்டத்து இல்லத்தைச் சோதித்தபோது அது சம்பந்தமான காகிதங்கள் அங்கே கிடைத்தன என்று வருமான வரி இலாகாவினர் கோர்ட்டிலே பிரமாண வாக்குமூலம் தாக்கல் செய்தனர். 2018 ஏப்ரலில் ஹைகோர்ட்டு வழக்கை ஸி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது. குற்றம் சாட்டப்பட்டோர் குற்றவாளிகளா அல்லரா என்பது நீதிமன்றம் தீர்மானிக்கவேண்டியது. அதில் நாம் தலையிடோம். நாம் கேட்பது வேறு. சர்க்கார் முத்திரையோடு வந்த கடிதம் ஒன்று சர்க்கார் ஆபீஸில் இல்லாமல் எப்படிப் போகும்? ஆபீஸ்களில் தபால் வரவுப் புத்தகம் என்று ஒன்று இருக்கிறதல்லவா? கிராமத்துக் கர்ணம் ஒரு சிட்டாவைத் தொலைத்துவிட்டால் அந்நாளில் அவர் வேலை போகும். லஞ்சத்தைப்பற்றிய கடிதம் தொலைந்ததற்காக எவருடைய வேலை போயிற்று?

எலி தின்ற கஞ்சா

கடிதம் காணாமற்போவது ஒரு பக்கமிருக்க, கைப்பற்றிய சரக்கே காணாமற்போவதும் உண்டு. 2020-ல் சென்னையில் இருவரைப் பிடித்து, 22 கிலோ கஞ்சாவைக் கைப்பற்றியதாகப் போலீஸார் வழக்குத் தொடர்ந்தனர். 2023-ல் விசாரணை முடிகையில் கோர்ட்டில் காட்டிய சரக்கு ஒரு கைப்பிடி அளவே. மிச்சத்தை எலி தின்றுவிட்டது என்பது போலீஸார் சொன்ன சமாதானம்! இருவரும் விடுதலையாயினர். வடக்கே மதுராவிலும் 2022-ல் இதே எலிக்கதையைச் சொன்னார்கள். அங்கே தின்றது 500 கிலோவுக்கு மேல். பாரத நாட்டு எலிகளுக்குக் கஞ்சாவின்மீது இத்துணை ஆசை எப்பொழுது உண்டாயிற்று என்பதைப் பிராணி சாஸ்திர வல்லுநர்கள் ஆராய்வார்களாக.

இது நகைக்கத்தக்க விஷயமன்று. பிடிபட்ட போதைப் பொருள்கள் எங்கே வைக்கப்படுகின்றன, எவ்வளவு அழிக்கப்பட்டது என்று சுப்ரீம் கோர்ட்டு எல்லா மாநிலங்களிடமும் கணக்குக் கேட்டது. மோகன்லால் என்பவர் சம்பந்தப்பட்ட அவ்வழக்கில் 2016-ல் கூறிய தீர்ப்பில், பல இடங்களில் தக்க பாதுகாப்பு இல்லை, அழிக்கும் வேலை சரிவர நடக்கவில்லை, பிடிபட்ட சரக்கு திருடப்பட்டு மீண்டும் சந்தைக்கே போகக்கூடும் என்று கவலை தெரிவித்தது. 1985-ஆம் வருஷத்துப் போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தில், சரக்குக்கு ஜாபிதா தயாரித்து மாஜிஸ்திரேட்டின் அத்தாட்சி பெற்று, மாதிரி எடுத்து, மிச்சத்தை அழித்துவிட வழியிருக்கிறது. அந்த ஜாபிதாவை ஜனங்கள் பார்க்க முடியுமானால் எலிகளின் பசி தானாகவே அடங்கிவிடும் என்பது எமது அபிப்பிராயம்.

கள்ளக்குறிச்சியும் மரக்காணமும்

அவலூர்பேட்டைப் பெரியவர் கேட்ட விஷயத்துக்கு வருகிறோம். 2023 மே மாதத்தில் விழுப்புரம் ஜில்லாவில், மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில், மெதனால் கலந்த சாராயத்தைக் குடித்து மீனவக் குடும்பத்தினர் மாண்டனர். அதே நாட்களில் செங்கற்பட்டு ஜில்லாவிலும் சாவு நேர்ந்தது. ஓராண்டு சென்றது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அதே மெதனால் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. 2019 வரையில் விழுப்புரமும் கள்ளக்குறிச்சியும் ஒரே ஜில்லா. ஆகவே இது எங்கோ நடந்த செய்தியன்று, பங்காளி வீட்டுச் சாவு.

சர்க்கார் ஓய்வு பெற்ற நீதிபதி கோகுல்தாஸைக் கொண்டு ஒரு நபர் விசாரணைக் கமிஷனை அமைத்தது. ஹைகோர்ட்டு, போலீஸாரின் பாராமுகத்தைக் கண்டித்து, 2024 நவம்பரில் வழக்கை ஸி.பி.ஐ.க்கு மாற்றியது. மெதனால் கடையில் விற்கும் சரக்கன்று. தொழிற்சாலைக்கு லைசென்ஸோடு போகவேண்டிய விஷம். அது ஒவ்வொரு பீப்பாயாகக் கணக்கில் ஏறவேண்டும். எந்தக் கணக்கிலிருந்து அது நழுவியது என்று தெரிந்திருந்தால், எக்கியார்குப்பத்துக்குப் பிறகு ஒரு கருணாபுரம் நேர்ந்திருக்குமா? கணக்கை மறைப்பதன் பலன் பிணக்கணக்காக வந்து முடிகிறது.

1952-ஆம் வருஷத்து விசாரணைக் கமிஷன்கள் சட்டத்தின் 3-வது பிரிவு, கமிஷனின் அறிக்கையை, அதன்மேல் எடுத்த நடவடிக்கையின் குறிப்போடு, சமர்ப்பித்த நாள் முதல் ஆறு மாதத்துக்குள் சட்டசபையில் வைக்கவேண்டுமென்று விதிக்கிறது. ஆனால் வைக்கத் தவறினால் தண்டனை இன்னதென்று அதில் சொல்லக் காணோம். கேட்பார் இருந்தால் சட்டம் நடக்கும். கேட்பார் இல்லையேல் அது காகிதம்.

பாலம் உண்டு, பலகையில்லை

செஞ்சியில் ராஜகிரிக் கோட்டையின் உச்சிக்கு ஏறியவர்கள் அறிவார்கள்: பாதை முடியுமிடத்தில் மலையை இரண்டாகப் பிளந்தாற்போல ஒரு பள்ளம். அதன்மீது மரப்பலகைப் பாலம். உள்ளே இருப்பவன் பலகையை எடுத்துவிட்டால், கீழே எத்தனை ஆயிரம் சேனை நின்றாலும் உச்சியை எட்ட முடியாது. நம் தகவல் உரிமைச் சட்டத்தின் நிலையும் இதுவே.

இவ்விஷயத்தில் தமிழ்நாடு பின்தங்கிய நாடன்று. 1997-லேயே, கோவாவோடு கூட, இந்தியாவில் முதன்முதலாகத் தகவல் உரிமைச் சட்டம் இயற்றிய மாநிலம் நம்முடையது. 2005-ல் மத்திய சட்டம் வந்தது. பத்து ரூபாய்க் கட்டணத்தில் எப்பிரஜையும் விண்ணப்பிக்கலாம். முப்பது நாளில் பதில் வரவேண்டும். வராவிடில் மேல்முறையீடு உண்டு. 1923-ல் அந்நியன் இயற்றிய ரகசியச் சட்டத்துக்கும் மேலாக இச்சட்டம் நிற்கும் என்று 22-வது பிரிவு கூறுகிறது. இருபது வருஷத்துக்கு முற்பட்ட சம்பவங்களைப்பற்றிய தகவலைத் தேசப் பாதுகாப்பு, சபை உரிமை, மந்திரிசபைக் காகிதம் ஆகிய மூன்று காரணங்களுக்காகவன்றி மறுக்கலாகாது என்று 8-வது பிரிவு கூறுகிறது. இவை பாலம்.

பலகையை எடுக்கும் வேலை 24-வது பிரிவில் இருக்கிறது. அதன்படி மத்தியப் போதைப் பொருள் கட்டுப்பாட்டுப் பணியகம் ஆரம்பத்திலேயே சட்டத்துக்குப் புறம்பாக்கப்பட்டது. 2008 ஆகஸ்டில் தமிழ்நாட்டு சர்க்கார் லஞ்ச ஒழிப்பு இலாகாவையும் அவ்வாறே விலக்கி உத்தரவிட்டது; 2011-ல் மத்திய சர்க்கார் ஸி.பி.ஐ.யை விலக்கியது. லஞ்ச ஊழல் பற்றிய குற்றச்சாட்டு சம்பந்தமான தகவலுக்கு இவ்விலக்குச் செல்லாது என்று அதே பிரிவில் ஒரு காப்பு வாசகம் இருக்கிறது. அப்படியாயின், லஞ்சத்தை விசாரிப்பதையே தொழிலாகக் கொண்ட இலாகாவுக்கு இந்த விலக்கு எதற்காக? அங்கே லஞ்சத்தைத் தவிர வேறென்ன தஸ்தாவேஜு இருக்கப்போகிறது? இவ்வினாவுக்கு அதிகாரிகள் தரும் விடை, விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புவதுதான்.

தஸ்தாவேஜைக் காப்பாற்றுவதைப்பற்றியும் ஒரு வார்த்தை. 1993-ஆம் வருஷத்துப் பொது ஆவணச் சட்டம், பதிவேட்டை விதிக்கு மாறாக அழிப்பவனுக்கு ஐந்து வருஷம் வரையில் சிறை விதிக்கிறது. ஆனால் அது மத்திய சர்க்காருக்கும் யூனியன் பிரதேசங்களுக்குமே உரியது. பக்கத்திலுள்ள புதுச்சேரியில் அது செல்லும். அவலூர்பேட்டையில் உள்ள மாநில சர்க்கார் ஆபீஸ்களில் செல்லாது. கம்பெனியார் காலத்துக் கடிதங்களையெல்லாம் பழுதின்றிக் காக்கும் பெரிய ஆவணக் காப்பகம் எழும்பூரில் 1909 முதல் இருக்கிறது. முந்நூறு வருஷத்துக்கு முந்திய காகிதம் அங்கே கிடைக்கிறது. 2016-ஆம் வருஷத்துக் கடிதம் கோட்டையில் கிடைக்கவில்லை.

செய்யவேண்டியவை

எதிர்த்தரப்பின் வாதத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. உளவு சொன்னவனுடைய பெயர் வெளிவந்தால் அவன் உயிர் போகும். நடக்கும் விசாரணை வெளிப்பட்டால் குற்றவாளி தப்புவான். உண்மை. அதற்காகவே 10-வது பிரிவு, மறைக்கவேண்டிய வரிகளை மறைத்து மிச்சத்தைக் கொடு என்கிறது. ஒரு பெயருக்காக ஒரு கட்டு முழுவதையும் பூட்டிவைப்பது, ஒரு சொத்தைக் கடலைக்காக மூட்டையையே கிணற்றில் கொட்டுவதற்கு ஒப்பாகும்.

ஆகவே நாம் வற்புறுத்துவன நான்கு. விசாரணைக் கமிஷன் அறிக்கைகள் ஆறு மாதத்துக்குள் தமிழிலும் அச்சிடப்பட்டு, ஒவ்வொரு தாலூக்கா ஆபீஸிலும் நூலகத்திலும் வைக்கப்படவேண்டும். பிடித்த சரக்கு, அழித்த சரக்கு, மிஞ்சிய சரக்கு ஆகியவற்றின் கணக்கு மாதந்தோறும் வெளியிடப்படவேண்டும். லஞ்ச ஒழிப்பு இலாகாவுக்கு அளித்த விலக்கு ரத்தாகவேண்டும். மாநில ஆவணங்களைத் தொலைப்பவரைத் தண்டிக்கும் கடுமையான சட்டம் சென்னைச் சட்டசபையில் நிறைவேறவேண்டும்.

இவற்றைச் சர்க்கார் தானாகச் செய்யும் என்று காத்திருப்பது வீண். 1937 அக்டோபரில் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்தது ஒரு நாளில் தோன்றிய அருளினாலன்று. கள்ளுக்கடை மறியலில் அடிபட்டவர்களின் பல வருஷத் தொண்டினால் வந்தது. இன்று அடிபடவேண்டியதில்லை, பத்து ரூபாயும் ஒரு தாளும் போதும். ஒவ்வோர் ஊரிலும் எழுதப் படிக்கத் தெரிந்த நாலு பேர் சேர்ந்து, தங்கள் போலீஸ் ஸ்டேஷனில் கடந்த மூன்று வருஷத்தில் பதிவான சாராய, கஞ்சா வழக்குகள் எத்தனை, தண்டனையில் முடிந்தவை எத்தனை, சரக்கு என்னவாயிற்று என்று கேட்டு விண்ணப்பம் போடட்டும். மறுத்தால் மேல்முறையீடு செய்யட்டும். கேட்டவர் பெயரைக் குறித்துக்கொண்டு மிரட்டுவோர் உண்டு. ஆகையால் தனியே கேளாமல் கூடிக் கேட்பது நன்று.

அவலூர்பேட்டைப் பெரியவருக்கு எமது பதில் இது: ஐயா, அந்தப் புஸ்தகம் உங்களுடையது. உங்கள் வரிப்பணத்தில் எழுதப்படுவது. உங்கள் பக்கத்து ஜில்லாவின் சாவைப்பற்றியது. ஒருவராகப் போய்க் கேட்டால் கொடாமலும் இருக்கலாம். சந்தைக்கு வரும் ஊரெல்லாம் சேர்ந்து கேட்டால் கொடாதிருக்க முடியாது. விண்ணப்பத்தை எழுதித் தரும் வேலையை நாம் ஏற்றுக்கொள்கிறோம். முதற் கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும்.